ஜப்பானுக்குப் போகும் 14 நாளும் வீட்டுக் கோய் மீன்களை யார் பார்ப்பது?

தாம்பரம் பக்கம் இருக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால் 3,000 லிட்டர் சிமென்ட் தொட்டி, அதில் ஏறக்குறைய ஒரு அடி நீளத்தில் ஆறு கோய் மீன்கள் (ஜப்பானிய வண்ணக் கெண்டை), கூடவே கொஞ்சம் கோல்டு ஃபிஷ். அக்டோபர் நடுவில் குடும்பத்தோடு 14 நாள் ஜப்பான் போகிறார்கள். மாடியில் குடியிருப்பவர் தீவனம் போட ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் அவருக்கு மீன் வளர்த்துப் பழக்கமில்லை. தினமும் எவ்வளவு போடச் சொல்வது, ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்கி வைத்துவிடலாமா, அப்புறம் அங்கே போய் கோய் மீன் பார்ப்பதென்றால் எந்த ஊருக்குப் போவது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் தீவனக் கவலையை விடுங்கள். ஒரு அடி வளர்ந்த ஆரோக்கியமான கோய், 14 நாள் கையால் ஒன்றுமே போடாவிட்டாலும் சாகாது. கொஞ்சம் இளைக்கும், சுவரில் இருக்கும் பாசியைக் கொறிக்கும், விழுகிற பூச்சியைப் பிடிக்கும், அவ்வளவுதான். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடும், அதனால் ஆள் நிழலைப் பார்த்ததும் எந்நேரமும் பட்டினி கிடந்ததுபோல வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கும். நமக்கு அது பழகிவிட்டது. மாடி வீட்டுக்காரருக்குப் பழக்கமில்லை, பாவம் பசிக்கிறதே என்று இன்னொரு பிடி அள்ளிப் போடுவார், அன்பால்தான் போடுவார். தின்னாமல் மிஞ்சியது அடியில் அழுகும், தின்றதும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வரும், ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவைத் தாண்டினால் நாலைந்து நாளில் தொட்டி கெட்டுப்போகும். ஊருக்குப் போய்வந்து பார்த்தால் மீன் எல்லாம் மிதந்தது என்று என்னிடம் வருகிறவர்களின் கதையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: யாரோ அள்ளிப் போட்ட தீவனம், அல்லது கரன்ட் போனது. பசியால் செத்த பெரிய கோய் என்று ஒன்றை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அதனால் மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும். வழக்கமாக ஒரு வேளைக்குப் போடுவதில் பாதியைக் காகிதப் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். தீவன டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், இதை உண்மையாகவே சொல்கிறேன். பலத்த மழை பெய்த நாளில் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். ஃபீடர் வேண்டாம். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டி என்றால் பரவாயில்லை, திறந்த வெளியில் ஐப்பசி ஈரக்காற்றில் தீவனக் குருணை நமுத்து ஃபீடர் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஒருநாள் மொத்தமாகக் கட்டியாக விழும். கடையில் விற்கும் விடுமுறைத் தீவனக் கட்டியும் இதே ரகம்தான், கரைந்து தண்ணீரைத்தான் கெடுக்கும்.

மாடி வீட்டுக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய உதவி வேறு. தினமும் காலையில் ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் காலை என்றால், தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னால்தான். பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிற பாசியும் செடியும் இரவில் அதை எடுத்துக்கொள்கின்றன, மீனும் எடுக்கிறது, ஃபில்டர் பாக்டீரியாவும் எடுக்கிறது. தண்ணீர் சூடாக இருந்தால் அதில் கரையும் ஆக்சிஜனே குறைவு. 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரையைத் தாண்டாது. கோய் குளிர்ந்த நீரில் வளர்த்தெடுக்கப்பட்ட மீன், நம் ஊர் வெப்பத்தில் அது வாழ்வது காற்றுக் குமிழியின் தயவில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரத்தில் வருகிறது. இரண்டு மூன்று நாள் மூடாக்கு போட்டால் பாசி பகலிலும் சரியாக வேலை செய்யாது, கூடவே கரன்டும் போகும். இரண்டும் சேர்ந்து வரும் இரவுதான் ஆபத்து.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், கரன்ட் போனதும் தானாக பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அந்த லைனில் போடலாம், அது இழுக்கும் மின்சாரம் ஒரு சின்ன பல்பு அளவுதான். ஃபில்டர் மோட்டாரை அதில் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை: வெளியே இருக்கும் பிளக் பாயின்ட்டில் சாரல் பட்டு வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்டை நிறுத்தும் சுவிட்ச்) டிரிப் ஆகிவிடும். தெரு முழுக்க விளக்கு எரியும், பூட்டியிருக்கும் உங்கள் வீட்டில் மட்டும் கரன்ட் இருக்காது, மாடிக்குத் தனி மீட்டர் என்றால் அவருக்கும் தெரியாது. தொட்டிக்கான பாயின்ட்டை மழை படாத பெட்டிக்குள் மாற்றி, முடிந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்துத் தனி ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். பயந்துபோய் ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிடாதீர்கள், தண்ணீரில் கை வைக்கிற இடம் அது.

மோட்டார் பல மணி நேரம் நின்றுவிட்டால் மூடிய ஃபில்டர் பெட்டிக்குள் பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும், உள்ளே இருக்கும் தண்ணீர் நாறும். கரன்ட் வந்ததும் அது அப்படியே தொட்டிக்குள் போனால் கரன்ட் இல்லாதபோது பிழைத்த மீன் அப்போது சாகும். ஆகவே அரை நாளுக்கு மேல் நின்றிருந்தால் ஃபில்டரின் அடி வால்வைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விட்ட பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும். இதை அவரிடம் வாயால் சொன்னால் போதாது, வால்வைக் காட்டி, ஒருமுறை அவர் கையாலேயே திறந்து மூடச் சொல்லுங்கள்.

மழைக்கு வருகிறேன். ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் வலை கட்டுங்கள், ஆனால் பெரிய கண் வலையாக இருக்கட்டும், சின்னக் கண்ணில் இலை அடைத்துத் தொட்டி விளிம்புவரை ஏறும், கோய் துள்ளி வெளியே விழும். மொட்டைமாடித் தண்ணீர் தொட்டியில் விழுகிறதா என்று பாருங்கள், புறா எச்சம் முழுக்க முதல் மழையில் உள்ளே வந்துவிடும், குழாயைத் திருப்பிவிடுங்கள். மழைநீரில் உப்புச் சத்து கிடையாது, நிறையச் சேர்ந்தால் தொட்டியின் பி.எச். (அமில-கார அளவு) திடீரென்று இறங்கும். இதற்குப் பழைய வழியே நல்ல வழி: ஒரு கிலோ கிளிஞ்சலைக் கழுவி, வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். பி.எச். இறங்கும்போது கிளிஞ்சல் மெல்லக் கரைந்து தாங்கிப் பிடிக்கும், அளவு கூடிப்போகும் பயமில்லை. தண்ணீர் நிரப்பும் வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனால் சப்ளைத் தண்ணீர் என்றால் குளோரின், போர் தண்ணீர் என்றால் ஆக்சிஜன் இல்லாத தண்ணீர், இரண்டிலும் தொட்டி போய்விடும். அக்டோபரில் இரண்டு அங்குலம் குறைந்தால் ஒன்றும் ஆகாது.

அப்புறம் மடையான் கொக்கு. ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டை அது சீக்கிரம் கண்டுபிடித்துவிடும், ஒரு அடி கோய் அதன் வாய்க்குள் போகாது என்றாலும் கோல்டு ஃபிஷ் போகும், கோய்க்கும் குத்துக் காயம் மிஞ்சும். வலையைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இழுத்துக் கட்டுங்கள், தொய்வாக விட்டால் பூனை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே புது மீன் வாங்காதீர்கள், வண்ண மீன் கடைகள் இருக்கும் கொளத்தூர் பக்கம் போனாலும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், புது மீனோடு வரும் வெண்புள்ளி நோயோ ஒட்டுண்ணியோ நீங்கள் விமானத்தில் இருக்கும்போது வெளிப்பட வேண்டாம். பத்து நாள் முன்னால் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் வேண்டாம். மூன்று நாள் முன்னால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், சப்ளைத் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போட்டு. கடைசி நாளில் எதையும் தொடாதீர்கள். இதற்கு நடுவில் ஒரு வாரம், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, மாடி வீட்டுக்காரரிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டுச் சும்மா கவனியுங்கள். எதெல்லாம் சொல்ல மறந்தோம் என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

தினமும் காலை ஆறரைக்கு ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் அப்போது மணி பத்து. மீன்கள் மேலே வந்து, தண்ணீர் விழும் இடத்தில் கூடி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அது ஆக்சிஜன் இல்லாத அறிகுறி, உடனே ஏர் பம்பைப் பார்க்க வேண்டும். மந்தமாக அடியில் கிடந்தால் தீவனத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி ஜப்பான். அக்டோபரில் போவது நல்ல தற்செயல், ஏனென்றால் நீகாட்டா மாகாணத்தின் மலைகளில் கோய் அறுவடை நடக்கும் மாதம் அது. ஓஜியா, யமகோஷி இரண்டும்தான் வண்ணக் கோய் பிறந்த பகுதி. ஆள் உயரப் பனி பெய்து குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடக்கும் ஊர்கள், அந்த மாதங்களில் தின்பதற்காக வயல் ஓரக் குளங்களில் கெண்டை வளர்த்தார்கள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் சிலவற்றுக்கு நிறம் வந்தது, நிறம் வந்ததைத் தின்னாமல் தனியே பிரித்து வளர்த்தார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் வைத்த பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. அடுக்கடுக்கான மலை வயல்களுக்கு நடுவே சேற்றுக் குளங்கள், கோடையின் தொடக்கத்தில் அவற்றில் விட்ட மீனைப் பனி விழுவதற்கு முன் வலையிட்டு எடுத்து உள்தொட்டிக்கு மாற்றுவார்கள். டோக்கியோவிலிருந்து நகவோகாவுக்கு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து ஓஜியாவுக்கு உள்ளூர் ரயில். ஓஜியாவில் கோய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, தோட்டத்துக் குளத்தில் பெரிய மீன்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். பண்ணைக்குப் போக முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வேலை நெருக்கடியான மாதம். 2004 அக்டோபர் 23-இல் இங்கே பெரிய நிலநடுக்கம், யமகோஷி கிராமம் மொத்தமாக வெளியேறியது, மலை சரிந்து ஆற்றை அடைத்ததில் மூழ்கிய வீடுகளை இன்னும் அங்கே பார்க்கலாம். குளம் உடைந்து மீனை இழந்தவர்கள் திரும்பி வந்து மறுபடி வளர்த்தார்கள், அந்த ஊரைப் பார்க்கும்போது அதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் உங்களை மாதிரி வீட்டில் மீன் வளர்க்கிறவர் ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஹரியே கிராமத்தைச் சொல்வேன். பிவா ஏரிக்கு மேற்கே, கியோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஷின் அசாஹி ஸ்டேஷன், அங்கிருந்து நடக்கலாம். வீட்டுக்கு வீடு ஊற்று, சமையல்கட்டுக்குள்ளேயோ பக்கத்துக் கொட்டகையிலோ. முதல் தொட்டியில் குடிநீர், காய்கறி கழுவல், அது வழிந்து அடுத்த தொட்டிக்கு வருகிறது, அதில் கெண்டை நீந்துகிறது, சாப்பிட்ட பாத்திரத்தை அதில் முக்கினால் ஒட்டியிருக்கும் பருக்கையை மீன் தின்றுவிடும். தண்ணீர் அப்படியே ஓடைக்கும் கடைசியில் ஏரிக்கும் போகிறது, அதனால் கீழே இருக்கும் வீட்டை நினைத்துத்தான் எதையும் கொட்டுவார்கள். மோட்டாரும் ஃபில்டரும் செய்யும் வேலையை ஓட்டமே செய்வதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் ஊர்க்காரர்கள் நடத்தும் வழிகாட்டிச் சுற்றில்தான் உள்ளே போக முடியும், பதிவு செய்துவிட்டுப் போங்கள். மேற்கே போகிற திட்டம் இருந்தால் ஷிமானே மாகாணத்தில் ட்சுவானோ, தெருவோரக் கால்வாய் முழுக்கக் கொழுத்த கோய்.

எங்கேயும் குளத்துத் தண்ணீரில் கை விடாதீர்கள். 2003-இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரிக் கெண்டைகளைக் கொன்ற கோய் ஹெர்பிஸ் வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஈரமான வலை, செருப்பு, கை வழியே ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியது. பண்ணைக்குப் போட்டுப்போன செருப்பைக் கழுவி நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். மீன் வாங்கிவரும் ஆசை வரும், இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் உயிருள்ள மீனை இங்கே கொண்டுவர முடியாது.

திரும்பி வந்த அன்று பாசத்தில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள், சரியாக இருந்தால் முதல் நாலு நாள் பாதித் தீவனம், பிறகு வழக்கம்போல. அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று: நன்றாக வளரும் கோய் இரண்டு அடியைத் தொடும், அப்போது 3,000 லிட்டரில் ஆறு தாங்காது, அதிகபட்சம் மூன்றுதான். மூன்றை, பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது அடுத்த கோடைக்குள் கொடுத்துவிடுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். ஏரியில் மட்டும் விட வேண்டாம், அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மீன் அது, தெளிந்த தண்ணீரைக் கலக்கி அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.