மூச்சில் தூசி, ரத்தத்தில் சர்க்கரை

கேள்வி: சாப்பாடு, நடை, மாத்திரை எதிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் புகைமூட்டம் கூடும் வாரங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுகிறது. தூசிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இருக்கிறது. பி.எம். 2.5 எனப்படும் காற்றுத் துகள்கள் 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாதவை. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. மூக்குச் சளியில் சிக்காமல் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை இறங்கிவிடும். அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் ஐ.எல்.6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் விடும். கல்லீரல், தசை, கொழுப்பு ஆகிய இடங்களில் இன்சுலின் இடும் உத்தரவை இவை மழுங்கடிக்கும். கொழுப்புத் தீனி தின்ற எலிகளை இந்தத் துகள் கலந்த காற்றில் வைத்து 2009இல் வெளியான ஆய்வில் இன்சுலின் எதிர்ப்பும் வயிற்றுக் கொழுப்பில் அழற்சியும் கூடின. மாசுக் காற்றில் உள்ள ஓசோன் வாயுவுக்கு வேறு வழி: அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, மன அழுத்த ஹார்மோன்கள் மூலமாகச் சர்க்கரையை ஏற்றும்.

ஆனால் பழியை எல்லாம் காற்றின் மேல் போட்டுவிடாதீர்கள். அந்த வாரங்களில் வெளியே நடப்பது நின்றிருக்கும், இருமலில் தூக்கம் கெட்டிருக்கும். இரண்டு வாரம் தினமும் நான்கைக் குறியுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, அன்றைய பி.எம். 2.5 சராசரி, நடந்த நிமிடங்கள், தூங்கிய மணி. ஒரு நாள் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: இந்தத் தூசி மூளைக்கும் போகுமாமே?

பதில்: போகும். 0.1 மைக்ரானுக்கும் சிறியவை முகர்வு நரம்பு வழியாக மூளைக்குள் ஏறுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மெக்சிகோ சிட்டி, மான்செஸ்டர் நகரங்களில் வாழ்ந்தவர்களின் மூளைத் திசுவில், கடும் வெப்பத்தில் உருவாகும் உருண்டை வடிவ மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள்கள் இருந்ததாக 2016இல் வெளியிட்டார்கள். துகள் இருப்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது. கவலை மைக்ரோக்ளியா செல்களைப் பற்றியது. மூளையின் இந்தக் காவலர்கள் ஓயாமல் தூண்டப்பட்டால் நரம்பு இணைப்புகள் சேதமாகும். பசியையும் சர்க்கரையையும் ஆளும் ஹைப்போதலாமஸில் இந்த அழற்சி வந்தால், மேலே சொன்ன சர்க்கரைக் கதையும் கூடவே மோசமாகும். எலிகளில் அப்படித்தான் நடந்தது.

கேள்வி: காற்றுச் சுத்திகரிப்பான் இரவெல்லாம் ஓடியும் தூசி அளவி காட்டும் எண் இறங்கவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் கணக்குப் பிழை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயர அறை 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற 170 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர். எண், அதாவது கருவி மணிக்குத் தரும் சுத்தமான காற்றின் அளவு, முழு வேகத்துக்கானது. சத்தமில்லாத இரவு வேகத்தில் பாதிகூட வராது. ஆகவே 340 கன மீட்டருக்கு மேல் பார்த்து வாங்குங்கள். ஜன்னலை மூடுங்கள், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். ஹெப்பா வடிகட்டியைக் கழுவாதீர்கள், இழை கெட்டுவிடும். முன்வலையை மட்டும் தூசி தட்டலாம். அயனி பொத்தானை அணைத்துவிடுங்கள், சில கருவிகளில் அதுவே ஓசோனைக் கக்கும். ஈரப்பதம் கூடிய நாளில் மலிவு லேசர் அளவி பனித்துளியையும் தூசியாக எண்ணும்.

கேள்வி: துணி முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. என்95 அணிந்து, மூக்குக் கம்பியை இரு கையாலும் அழுத்தி, வேகமாக ஊதிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே கசிகிறது.