தாதியர் படிப்பும் மரபணுவும்: சுங்கை சிப்புட் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவப் பொதுத் தேர்வு) முடித்த மகளைத் தாதியர் படிப்புக்கு அனுப்பலாமா என்பது. மற்றது, நேராகக் கேட்காமல் கடைசிப் பத்தியில் ஓரமாக எழுதியிருப்பது. நான்காம் படிவத்தில் பள்ளியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் 'பெம்பாவா', அதாவது தாங்கி, என்று வந்ததே, அது தெரிந்தால் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன ஆகும்? இரண்டாவதை முதலில் பேசிவிடுகிறேன். அது தீராமல் முதலாவது உங்கள் காதில் ஏறாது.

மகள் நோயாளி இல்லை. பீட்டா தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். அந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக வருகிறது. தாங்கியாக இருப்பவருக்கு அதில் ஒன்று பழுது, இன்னொன்று சரி. சரியாக இருப்பது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு கொஞ்சம் சிறியதாகத் தெரியும், ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகக் காட்டலாம். ஓடலாம், இரவு வேலை பார்க்கலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். தாதியாவதற்கு அது குறுக்கே நிற்காது. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனை நடப்பது யாரையும் ஒதுக்கி வைக்க இல்லை. கல்யாண வயது வருவதற்கு முன்பே தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு அது வானத்திலிருந்து விழவில்லை. உங்களிடமிருந்தோ உங்கள் கணவரிடமிருந்தோ வந்ததுதான். இருவரும் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். உங்களில் ஒருவர் தாங்கி என்றால், மூன்றாம் படிவத்தில் இருக்கும் மகனுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அடுத்த ஆண்டு அவன் பள்ளியிலிருந்து ஒப்புதல் பாரம் கொண்டுவருவான். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

கல்யாண விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வருகிறவரும் தாங்கியா? அவர் இல்லை என்றால், பிறக்கும் குழந்தைகளில் சிலர் இவளைப் போலவே தாங்கிகளாக இருப்பார்கள், அதோடு முடிந்தது. இருவரும் ஒரே வகைத் தாங்கிகள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 விழுக்காடு கடுமையான நோய், 50 விழுக்காடு தாங்கி, 25 விழுக்காடு ஒன்றுமே இல்லை. இங்கேதான் பலருக்குக் கணக்குத் தவறுகிறது. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்பார்கள். நம்பர் கடையில் நேற்று விழுந்த எண்ணுக்கும் இன்றைய குலுக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே, அதே கதைதான். ஒவ்வொரு தடவையும் குலுக்கல் புதிது. அந்த 25 விழுக்காட்டில் விழும் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற ஆயுள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த வீடுகளுக்குத்தான் அந்தச் சதவீதத்தின் கனம் தெரியும்.

சரி, இப்போது படிப்புக்கு வருவோம். "மரபணு பற்றிப் படிக்கணும் என்கிறாள், பிறகு மிஸ்ஸி (தாதி) வேலை என்கிறாள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது அம்மா. மேலே இரண்டு பத்தியில் நான் உங்களுக்குச் சொன்னதைத்தான் தாய்-சேய் நல கிளினிக்கில் ஒரு தாதி வாரம் முழுக்க யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறார். மரபணு என்றதும் கோலாலம்பூரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆய்வுக்கூடம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் ஊர்களில் குடும்பத்துக்குள் இறங்கிவரும் நோயை முதலில் மோப்பம் பிடிக்கிற ஆள், கர்ப்பிணியை முதல் தடவை பதிவு செய்யும் தாதிதான்.

அந்த முதல் பதிவில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்த வகை எல்லாம் முடிந்த பிறகு கேள்விகள் தொடங்கும். கணவர் சொந்தமா? உங்கள் அம்மாவுக்குக் கலைந்த கர்ப்பம் உண்டா? பிறந்த சில நாளில் இறந்த குழந்தை? ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்த மாமா, சித்தப்பா யாராவது? பதிலை வைத்து மூன்று தலைமுறைக்கு ஒரு படம் போடலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர் மேல் குறுக்குக் கோடு, சொந்தத்தில் முடித்தவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு. படம் எளிது. பதிலை வாங்குவதுதான் கஷ்டம். "தூரத்துச் சொந்தம்தான் மிஸ்ஸி" என்பார்கள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், அந்தக் கணவரே பெண்ணுடைய அம்மாவின் கூடப் பிறந்த தம்பியாக இருப்பார்.

அந்த இடத்தில் முகம் சுளிக்கிற தாதிக்கு அடுத்த பதில் கிடைக்காது. சொந்தத்தில் கட்டுவது நம்மிடம் காலங்காலமாக இருப்பது. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம்கூட, தாய்மாமனும் அக்காள் மகளும் இந்து வழக்கப்படி மணந்துகொள்ள விலக்குத் தந்திருக்கிறது. கணக்கை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொந்தமே இல்லாத தம்பதியருக்கும் நூற்றில் 2, 3 குழந்தைகள் ஏதாவது பிறவிக் குறையோடு பிறக்கத்தான் செய்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் என்று முடித்தவர்களுக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு ஆகலாம். மாமனும் மருமகளும் என்றால் ரத்தம் இன்னும் நெருக்கம், ஆபத்தும் இன்னும் கூடும். அத்தை மகனைக் கட்டியவளிடம் "பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும்" என்று மிரட்டுவது பொய். "ஒன்றும் ஆகாது, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதும் பொய்தான்.

ரத்தக் குறைவு இன்னொரு உதாரணம். இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. அவசரக்காரத் தாதி, "நீ மாத்திரை சாப்பிடுவதில்லை" என்று திட்டி அனுப்புவார். நல்ல தாதி ரத்த அறிக்கையில் எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் சராசரியாக இருக்கும் ஹீமோகுளோபின் அளவு) என்ற எண்ணைப் பார்ப்பார். அது 27-க்குக் கீழே கிடந்தால் தலசீமியா இருக்கலாம் என்று டாக்டரிடம் அனுப்புவார். கணவரையும் கூட்டிவரச் சொல்வார். இதற்கு அறிவியல் தெரிந்தால் போதும். கணவரை ரத்தம் கொடுக்க வைப்பதற்கு வேறு திறமை வேண்டும், அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது.

ஜி6பிடி குறைபாடு தெரியுமா? சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது. நம் நாட்டில் பிறக்கிற குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைப் பார்த்துவிடுவார்கள். தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். உடனே மாமியார், "பார்த்தாயா, உன் பக்கத்துக் கோளாறு" என்று ஆரம்பிப்பார். தாதி இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. மூத்த பிள்ளையின் சட்டையைப் பத்திரமாகப் பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். அதை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போட்டால் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும் என்று விளக்குவது ஒன்று. யாரும் தன் மரபணுவைக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கி வருவதில்லை என்று மாமியார் கோபப்படாதபடி புரியவைப்பது இன்னொன்று. (ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பன் பக்கத்துக் குரோமோசோம் என்பதை இதே மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். அது தனிக் கச்சேரி.)

உதடு பிளந்து பிறந்த குழந்தையின் தாய், கிரகணத்தன்று வெளியே வந்தேனே என்று அழுவாள். நாக தோஷம் என்பார் ஒருவர், கொள்ளுத் தாத்தா பாம்பை அடித்த பாவம் என்பார் இன்னொருவர். இதையெல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் அந்தத் தாய் சொல்லவே மாட்டாள். தமிழில் கேட்டு, சிரிக்காமல் முழுக்கக் கேட்டு, "இது நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்ததால் பின்தங்கிவிட்டாளோ என்று கவலைப்பட்டிருந்தீர்கள். இந்த வேலையில் அது அவளுக்குக் கூடுதல் மூலதனம்.

நான் தயங்குவது வேறொன்றுக்கு. பயாலஜியில் பி பிளஸ் எடுத்திருக்கிறாள், கணிதத்தில் சி. சி என்பதும் கிரெடிட்தான், பயம் வேண்டாம். அவளுக்கு வாயைக் கட்டத் தெரியுமா? சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இந்த முனையில் நுழைந்து அந்த முனைக்குப் போவதற்குள் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். தாதிக்கு யார் வீட்டில் யார் தாங்கி என்று தெரியும். எந்தக் கர்ப்பம் முதல் கல்யாணத்துக்கு முன்னால் என்று தெரியும். சில சமயம், கணவர் என்று வந்து நிற்பவரின் ரத்த முடிவு, பிள்ளையின் ரத்த முடிவோடு ஒத்துப்போகவில்லை என்பதும் தெரிந்துவிடும். கோயில் அன்னதானத்தில் தூரத்து அத்தை ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பொண்ணுக்கு ரத்தத்துல என்னவோ கோளாறாமே, நம்ம பையனுக்குப் பார்க்கிறோம், நீ கிளினிக்லதானே இருக்கே" என்று கேட்பார். இவள் சாம்பார் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். சொந்த அம்மா கேட்டாலும் அப்படித்தான். நீங்களே கேட்பீர்கள் அம்மா, அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அதுபோல, முடிவை அவர்களுக்காகத் தான் எடுக்கக் கூடாது. பிள்ளை பெறுவதா, மேற்கொண்டு பரிசோதனை செய்வதா என்பதைத் தம்பதியர்தான் சொல்ல வேண்டும். தாதி விவரத்தைத் தருவார், மருத்துவரிடம் சேர்ப்பிப்பார், திரும்பி வந்தால் மறுபடி கேட்பார். எதற்கும் உடனே புத்தி சொல்லத் துடிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய சோதனை.

வழி எப்படி? வீட்டு நிலையை எழுதியிருக்கிறீர்கள், கணவர் செம்பனை ஆலையில், இன்னும் இரண்டு பேர் படிக்கிறார்கள். அதனால் என் முதல் தேர்வு சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் மூன்றாண்டு தாதியர் டிப்ளோமா. மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், இவற்றில் கிரெடிட் முக்கியம். விண்ணப்பம் திறக்கும்போது அந்த ஆண்டின் நிபந்தனையை வரி விடாமல் வாசியுங்கள். நேர்காணல் மலாயில் இருக்கும், அதற்கு அவளைத் தயார்படுத்துங்கள். படித்து முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்று, வார்டில் சில ஆண்டு அனுபவம் சேர்த்த பிறகு, பிரசவத் துறையில் 'கெபிடானான்' மேற்பயிற்சிக்குப் போகலாம். அவள் கேட்கிற வேலை அதற்கு அப்புறம்தான் முழுசாகக் கைக்கு வரும். ஷிப்ட் உண்டு, இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரைகூட. அதை மறைக்க விரும்பவில்லை.

தனியார் கல்லூரி என்றால் நிதானம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிடிபிடிஎன் எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கித் தனியாரில் தாதியர் படித்த ஏராளமான பிள்ளைகள் வேலை கிடைக்காமல் திண்டாடியது நம் தோட்டப்புற வீடுகளுக்கு மறந்திருக்காது. தாதியர் வாரிய அங்கீகாரம் உண்டா, எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிறார்கள், வாரியத் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரிங்கிட்கூடக் கட்டாதீர்கள்.

மரபணு ஆலோசகராகவே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் பாதை நீளம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு தாதியர் அல்லது உயிர் மருத்துவ அறிவியல் பட்டம், அதன் பின் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மில் மரபணு ஆலோசனை முதுகலை. வேலை இடங்கள் குறைவு, அதிலும் பெரும்பாலும் கோலாலம்பூர்ப் பக்கம். டிப்ளோமாவோடு தொடங்கிச் சம்பாதித்துக்கொண்டே பட்டம் முடிப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் குடும்பத்துக்கே மூன்று தலைமுறைப் படத்தை அவள் போடட்டும், சதுரமும் வட்டமுமாக. பாட்டியிடம் போய், தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து இறந்த குழந்தைகளைப் பற்றிக் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். பாட்டி எல்லாவற்றையும் சொல்லி, அதில் ஒன்றைக்கூட அவள் உங்களிடம் வந்து ஒப்பிக்காமல் இருந்தால், அடுத்த வாரம் எஸ்பிஎம் முடிவின் நகலோடு அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்புவோம்.