டைனமிக் என்று கேட்டால் ‘நோ’ கொடுங்கள்

லேப்டாப் கேள்வி–பதில்

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ் இவைதான் பிழைப்பு. எச்பி லேப்டாப், ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7, 32 பிட். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பாமினி என்ற தமிழ் ஃபான்ட்டும் அதில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் பிரவுசர் பழசாகிவிட்டதால் பேங்க் சைட் திறப்பதில்லை. பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸையும் போடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைக் குறைத்தேன். புது பார்ட்டிஷன் (டிஸ்க்கில் ஒரு தனிப் பகுதி) போடப் போனால் ‘டிஸ்க் டைனமிக் ஆக மாறும், சம்மதமா?’ என்று கேட்கிறது. எஸ் கொடுக்கலாமா? 32 பிட் மெஷினில் மின்ட் ஏறுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எஸ் கொடுக்காமல் நிறுத்திக் கடிதம் எழுதினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். கொடுக்காதீர்கள். அந்தக் கேள்வி எப்போது வந்தாலும் நோதான்.

உங்கள் லேப்டாப் வந்த காலத்தில் ஹார்ட் டிஸ்க்கை எம்பிஆர் முறையில் பிரிப்பார்கள். அதில் பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல் கிடையாது. எச்பியின் விண்டோஸ் 7 மாடல்கள் பலவற்றில் கம்பெனியிலேயே நாலும் நிரம்பித்தான் வரும்: சிஸ்டம், சி, ரெக்கவரி, கடைசியில் 100 எம்பி அளவில் எச்பி டூல்ஸ். சி-யைக் குறைத்து 50 ஜிபி எடுத்தாலும் 200 ஜிபி எடுத்தாலும் ஐந்தாவதுக்கு இடமில்லை. ‘முடியாது’ என்று நேராகச் சொல்லாமல், டிஸ்க்கையே டைனமிக் (விண்டோஸுக்கே உரிய வேறொரு பிரிப்பு முறை) ஆக்கித் தருகிறேன் என்கிறது விண்டோஸ். ஆக்கிவிட்டால் மின்ட் இன்ஸ்டாலர் அதில் ஒழுங்காக உட்காராது. திரும்பவும் பேசிக் (பழைய முறை) ஆக்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கும் ஒரே வழி, எல்லா வால்யூமையும் அழிப்பதுதான். முகூர்த்த சீசனில் இது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே முதலில் பேக்கப். கடைக்காரர்கள் பேஜ்மேக்கர் ஃபைல்களை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகள்தான் கலைந்து கிடக்கும். பேஜ்மேக்கர் சிடியும் பத்திரமாக இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, நாலில் ஒன்றைக் காலி செய்ய வேண்டும். சிஸ்டம், சி இரண்டையும் தொட்டால் விண்டோஸ் எழும்பாது. ரெக்கவரி இருக்கட்டும். எச்பி டூல்ஸில் இருப்பவை ஹார்டுவேர் சோதனைக் கருவிகள். விண்டோஸ் ஓட அவை தேவையில்லை. அதில் உள்ளதை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு அந்தப் பார்ட்டிஷனை மட்டும் டிலீட் செய்யுங்கள். கிடைப்பது 100 எம்பிதான், ஆனால் நமக்கு வேண்டியது அந்த இடமல்ல, நாலாவது எண். அதை வைத்து, சி-யிலிருந்து ஏற்கெனவே பிரித்த காலி இடத்தில் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் போடலாம். அதற்குள் லாஜிக்கல் என்ற உட்பிரிவுகள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். விண்டோஸைப் போலப் பிரைமரியில்தான் இருப்பேன் என்று லினக்ஸ் அடம்பிடிக்காது. ஆனால் அந்தப் புதுப் பார்ட்டிஷனை விண்டோஸில் போடாதீர்கள், காலியாகவே விடுங்கள். மின்ட் இன்ஸ்டாலர் பார்த்துக்கொள்ளும்.

32 பிட் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ்தான் 32 பிட். உங்கள் ஐ3 பிராசஸர் 64 பிட். இப்போதைய மின்ட்டின் முக்கியப் பதிப்புகள் 64 பிட்டில் மட்டுமே வருகின்றன, அது உங்கள் மெஷினில் ஏறும். 4 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள், சின்னமன் பதிப்பு பார்க்க அழகு, ஆனால் கனம். மின்ட்டை ஏற்றும் பென் டிரைவ் தயாரிக்க ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புது ரூஃபஸ் விண்டோஸ் 7-இல் திறக்காது. 3.22 தான் அதற்குக் கடைசி. அதைத் தேடுவதைவிட, நண்பர் கடையில் விண்டோஸ் 10 இருந்தால் அங்கேயே டவுன்லோடு செய்து பென் டிரைவையும் தயார் செய்துவிடுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்கேப், பிறகு எஃப்9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டால் செய்யாமலேயே மின்ட் திறக்கும். உடனே இன்ஸ்டால் ஐகானுக்குப் போகாமல் வைஃபை, சவுண்டு, டச்பேட், வெளிச்சம் கூட்டும் கீ எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் (போன் நெட்டைப் பகிர்வது) போடுங்கள். இன்ஸ்டால் ஆன பிறகும் அதே ஒயரில் நெட் எடுத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் டிரைவர் கிடைத்துவிடும்.

இன்ஸ்டாலரில் ‘டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு’ என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கமே மவுஸைக் கொண்டுபோகாதீர்கள். ‘சம்திங் எல்ஸ்’ எடுத்து, காலி இடத்தை லாஜிக்கல் என்று தேர்ந்து, இஎக்ஸ்டி4 கொடுங்கள். மவுன்ட் பாயின்ட்டுக்கு வெறும் சாய்வுகோடு. பூட்லோடர் (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை எழுப்பும் புரோகிராம்) எங்கே என்று கேட்டால் முழு டிஸ்க்கையே காட்டுங்கள். அடுத்த முறை ஆன் செய்யும்போது மின்ட்டா விண்டோஸா என்று மெனு வரும்.

பிறகு விண்டோஸ் 7-இல் டிவைஸ் மேனேஜருக்குப் போய் வைஃபை, லேன் இரண்டையும் டிசேபிள் செய்துவிடுங்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோமும் 109-ஆவது பதிப்போடு நிறுத்திக்கொண்டது. பேஜ்மேக்கருக்கு நெட் எதற்கு? மெயிலும் பேங்கும் ஜிஎஸ்டியும் மின்ட்டில். விண்டோஸ் பக்கம் பிடிஎஃப் போட்டு வைத்தால் மின்ட்டில் அந்த டிரைவைத் திறந்து வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். அவசரத்துக்குப் பேஜ்மேக்கர் ஃபைலையே லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்தும் பார்க்கலாம், அலைன்மென்ட் கலைந்திருக்கும். பிரின்ட் போடும் வேலை விண்டோஸிலேயே இருக்கட்டும்.

ஒரு யோசனை. டிவிடி டிரைவைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டம் வைத்து ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) மாட்டினால், பழைய டிஸ்க்கைத் தொடாமலேயே மின்ட்டைத் தனியாகப் போடலாம். அந்த இடத்திலிருந்து பூட் ஆகுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பயாஸில் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பில்) பார்த்துவிட்டு வாங்குங்கள். கையில் காசு இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 10-உடன் உபுன்டுவும் போட்டிருக்கிறேன். உபுன்டுவில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் காலை 10 மணி, விடிகாலை 4.30 என்று காட்டுகிறது. சிமாஸ் (மதர்போர்டு) பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை.
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: பேட்டரி மேல் குற்றமில்லை தங்கச்சி. மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை எழுதும். இரண்டுக்கும் இடையே உள்ள ஐந்தரை மணிதான் உனக்குத் தெரிவது. உபுன்டு டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்று சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, ‘செட்’, ‘லோக்கல்’, ‘ஆர்டிசி’ மூன்றையும் நடுவில் சிறுகோடு போட்டு இணைத்து, இன்னொரு இடைவெளி விட்டு 1 என்று தட்டு. பிறகு விண்டோஸில் ஒருமுறை நேரத்தைச் சரி செய்தால் போதும்.

அந்த லேப்டாப்புக்கு இரண்டு ஓஎஸ் புதிதும் அல்ல. 2011-இல் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். முதல் சர்வீஸிலேயே கடைக்காரர்கள் அதைத் துடைத்துவிட்டார்கள்.

கேள்வி: லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸ் 10-க்குள் போய் அந்தப் பார்ட்டிஷனை டிலீட் செய்தேன். இப்போது கருப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நிற்கிறது. விண்டோஸும் போய்விட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: விண்டோஸ் அப்படியேதான் இருக்கிறது. மெனு காட்டும் கிரப்பின் ஒரு பகுதி நீங்கள் அழித்த பார்ட்டிஷனில் இருந்தது, அதைத் தேடிக்கொண்டு நிற்கிறது. லேப்டாப் யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வகை) என்றால் பயாஸில் பூட் வரிசைக்குப் போய் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலில் வையுங்கள், முடிந்தது. பழைய பயாஸ் என்றால் விண்டோஸ் 10 இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் கொடுக்காமல் ரிப்பேர், அதில் கமாண்ட் ப்ராம்ப்ட் எடுத்து, ‘பூட்ரெக்’ என்று அடித்து இடைவெளி, சாய்வுகோடு, ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’. எந்தக் கடையிலாவது ஃபார்மட் அடித்தே ஆக வேண்டும் என்று சொன்னால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.