வெடிமருந்தைக் கடன் கேட்ட கேப்டன்: டோர்டென்ஷோல்ட் கேள்வி பதில்

கேள்வி: டோர்டென்ஷோல்ட் பிறவிப் பிரபுவா?

பதில்: இல்லை. டென்மார்க் மன்னருக்காக ஸ்வீடனோடு போரிட்ட கடற்படை அதிகாரி இவர். 1690 அக்டோபரில் நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்த பீட்டர் வெசல்தான் அவர். அடங்காத பிள்ளை, கோபன்ஹேகனுக்கு ஓடிப்போனார். அரண்மனை மதகுரு ஒருவர் அடைக்கலம் தந்தார். 1711இல் கடற்படை லெப்டினன்ட். பிரபுப் பட்டமும் புதுப் பெயரும் 1716 பிப்ரவரியில் நான்காம் ஃபிரடெரிக் மன்னர் கொடுத்தவை. அப்போது வயது 25.

கேள்வி: நார்வேக்காரரா, டென்மார்க்காரரா?

பதில்: பிறப்பால் நார்வேக்காரர், பணியால் டென்மார்க் மன்னரின் அதிகாரி. அன்று இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர் என்பதால் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியே இருக்காது.

கேள்வி: கிழக்கிந்தியாவுக்கு வந்தாரா?

பதில்: வந்தார், கடற்படைக்கு முந்தைய இளமையில். டென்மார்க் கம்பெனி 1620 முதல் தரங்கம்பாடியில் கோட்டை வைத்திருந்தது. கிழக்கிந்தியப் பயணத்துக்கு முன்பே கினியா கரை வழியாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அடிமை வணிகக் கப்பலிலும் இருந்தார். சிலை வைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: எதிரியிடமே வெடிமருந்து கேட்டது கட்டுக்கதைதானே?

பதில்: கட்டுக்கதை என்றால் ராணுவ நீதிமன்றம் எதற்கு? 1714 ஜூலை, நார்வேயின் தென்முனையான லிண்டெஸ்னெஸ் அருகே அவருடைய 20 பீரங்கிக் கப்பல் ஒரு பெரிய கப்பலைச் சந்தித்தது. இவர் ஹாலந்துக் கொடியை ஏற்றியிருந்தார். எதிரில் பறந்தது ஆங்கிலக் கொடி. இரண்டுமே பொய். அது ஸ்வீடனுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்டு அங்கே போய்க்கொண்டிருந்த கப்பல்; கேப்டன் மட்டும் ஆங்கிலேயர். மறுநாள்வரை நீண்ட சண்டையில் வெடிமருந்து தீரவே, ஆளனுப்பி, நல்ல போருக்கு நன்றி சொல்லி, தொடர்ந்து சண்டையிடக் கொஞ்சம் கடன் கேட்டார். மறுத்துவிட்டார்கள். இரு கேப்டன்களும் ஒருவர் நலத்துக்கு மற்றவர் மது அருந்திப் பிரிந்தார்கள்.

கேள்வி: இதை வீரம் என்கிறீர்களா? கையிருப்பு காலி என்று எதிரிக்குச் சொல்வது துரோகம்.

பதில்: குற்றச்சாட்டும் அதேதான்: ராணுவ ரகசியத்தை வெளியிட்டார், தன்னைவிட வலிய கப்பலோடு மோதி மன்னரின் கப்பலை ஆபத்தில் தள்ளினார். ஓடும் எதிரியைத் தாக்க வேண்டும் என்ற கடற்படை விதியையே எடுத்து வாதாடினார். விடுதலை ஆனார். பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது: பதவி உயர்வு கேட்டு மனுப் போட்டு, அதே ஆண்டு டிசம்பரில் கேப்டன் பதவியையும் வாங்கிவிட்டார்.

கேள்வி: அரசவைச் செல்வாக்கு இல்லாமல் தப்பியிருப்பாரா?

பதில்: நார்வேயின் ஆளுநர் லோவெண்டால் பிரபு அவரை வளர்த்துவிட்டவர், உண்மை. அவர் கொடுத்த கப்பலின் பெயரிலேயே லோவெண்டால் இருக்கிறது! ஆனால் செல்வாக்கு மட்டும் டினெகிலன் விரிகுடாச் சண்டையை வென்று தராது. 1716 ஜூலையில் அந்தக் குறுகிய விரிகுடாவுக்குள் நுழைந்து ஸ்வீடனின் சரக்குக் கப்பல் கூட்டத்தைச் சிதைத்தார். தளவாடம் வராததால் ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் நார்வேயைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. துரோகி என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கேள்வி: அப்படியானால் தோற்றதே இல்லையா?

பதில்: 1717இல் ஸ்வீடனின் கோதன்பர்க், ஸ்ட்ரோம்ஸ்டாட் நகரங்கள் இரண்டிலும் அடிவாங்கினார்.

கேள்வி: நாடாளுமன்றத்தில் இருந்தாரா?

பதில்: அவர் காலத்தில் ஏது நாடாளுமன்றம்? முடியாட்சி, அதுவும் முழு அதிகாரத்தோடு. நார்வேக்கு நாடாளுமன்றம் 1814இல்தான் வந்தது. அரசியல் செய்த பிரபு வேண்டுமென்றால் அந்தக் காலத்து வெடெல் யார்ல்ஸ்பெர்க்கைத் தேடுங்கள்.

கேள்வி: ஸ்வீடனின் மார்ஸ்ட்ராண்ட் நகரில் அதே சிப்பாய்களைத் தெருத்தெருவாகச் சுற்றவிட்டு, படை பெரிதென்று ஏமாற்றினாராமே?

பதில்: எச்சரிக்கிறேன்: தீப்பெட்டியில் அவர் படம் இருக்கிறது என்பதற்காகத் தீப்பெட்டிக் கதைகளை வரலாறாக்காதீர்கள். 1719இல் நகரம் விழுந்தது, அங்கிருந்த கார்ல்ஸ்டென் கோட்டையின் தளபதி டாங்க்வார்ட் சரணடைந்தார், அதற்காக ஸ்வீடன் டாங்க்வார்ட்டின் தலையை வெட்டியது. இவை உறுதி. சிப்பாய் ஊர்வலம் பிறகு வளர்ந்த அலங்காரம்.

கேள்வி: அவர் எந்த நாட்டவர்?

பதில்: இரண்டாம் கேள்வி.

கேள்வி: சாவு சதியா?

பதில்: சூதாட்ட மோசடி பற்றிய சச்சரவு. ஸ்டேல் ஃபான் ஹோல்ஸ்டைன் என்ற கர்னலை அடித்தார். 1720 நவம்பர் 12 அன்று ஜெர்மனியின் க்ளைடிங்கனில் ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டை. எதிராளியிடம் கனத்த போர்வாள், இவரிடம் உடைக்கு அழகு சேர்க்கும் மெல்லிய வாள். ஸ்வீடனுடனான போர் முடிந்த ஆண்டிலேயே, முப்பது வயதில் செத்தார். சதி தேவைப்படவில்லை, முன்கோபமே போதுமாக இருந்தது.

கேள்வி: நார்வேக்காரர் என்றால் ஏன் கோபன்ஹேகனில் புதைத்தார்கள்?

பதில்: இரண்டாம் கேள்வியை இன்னும் யாராவது படிக்காமல் இருக்கிறீர்களா? ஹோல்மென் தேவாலயத்தில் இருக்கிறார். வாள்சண்டையில் செத்தவர் என்பதால் சடங்கில்லாமல் வைத்தார்கள். மரியாதையான கல்பேழை கிடைத்தது 1819இல்.