கிரேக்கத் தீவுகள்: பணம் கட்டும் முன் வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூலையில் கிரீஸ் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். எட்டு இரவு, ஐந்து தீவு என்று ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்கள். மிக்கோனோஸ், சான்டோரினி, ரோட்ஸ், ஜகிந்தோஸ், கோர்ஃபு. இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? (கோவை வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். வரைபடத்தை எடுத்து இந்த ஐந்து பெயர்களையும் தேடிப் பாருங்கள். மிக்கோனோஸும் சான்டோரினியும் ஏஜியன் கடலின் நடுவே, சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்தில் இருக்கின்றன. ரோட்ஸ் கிழக்கே துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. ஜகிந்தோஸும் கோர்ஃபுவும் நாட்டின் மறுபக்கம், மேற்கே அயோனியன் கடலில். ஏஜியனிலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமானால் பெரும்பாலும் ஏதென்ஸுக்குத் திரும்பி இன்னொரு விமானம் ஏற வேண்டும். காலையில் அறையைக் காலி செய்வது, பெட்டியோடு காத்திருப்பது, அடுத்த ஊரில் மாலை மூன்று மணிக்குச் சாவி வாங்குவது என்று உங்கள் பகல் பொழுதெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது தீவைப் பார்க்கவா, பெட்டி கட்டி அவிழ்க்கவா?

இன்னொன்று. ஜகிந்தோஸ் என்றாலே விளம்பரத்தில் வருவது உடைந்த கப்பல் கிடக்கும் நவாயியோ கடற்கரைப் படம். 2022-ல் அங்கே பாறை சரிந்தது. அதன்பின் கரையில் இறங்கத் தடை போட்டார்கள். படத்தைக் காட்டி விற்பவரிடம், படகு கரையில் இறக்கிவிடுமா, தூரத்தில் நிறுத்திக் காட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எட்டு இரவுக்கு இரண்டு தீவு போதும். ஒரே கப்பல் தடத்தில் இருப்பவையாகத் தேர்ந்தெடுங்கள். ஏதென்ஸின் பைரேயஸ் துறைமுகத்திலிருந்து பாரோஸ், நாக்ஸோஸ், சான்டோரினி என்று வரிசையாக நின்று போகும் கப்பல்கள் கோடையில் தினமும் உண்டு. நாக்ஸோஸில் மூன்று இரவு, சான்டோரினியில் மூன்று, கடைசி இரண்டும் ஏதென்ஸில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்ஸோஸ் சைக்ளடீஸிலேயே பெரிய தீவு. நீண்ட மணல் கரை, மலைக் கிராமங்கள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விளையும் வயலும் பண்ணையும் என்று சுற்றுலாவை மட்டுமே நம்பியிராத ஊர். அறை வாடகையும் சான்டோரினியைவிடக் குறைவு.

பேக்கேஜே வேண்டும் என்றால் நான்கு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: கப்பலின் பெயரும் இருக்கை வகுப்பும், ஹோட்டலின் பெயர் ('அல்லது இதற்கு இணையானது' என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள்), விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், சொன்ன விலையில் டிசிஎஸ் (வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) சேர்ந்ததா இல்லையா. டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனாலும் கையிலிருந்து முதலில் போகும் பணம் அது.

கேள்வி: வேகப் படகா, பெரிய கப்பலா? வேகப் படகில் டிக்கெட் ஏறக்குறைய இரு மடங்கு காட்டுகிறது. (சென்னை வாசகி)

பதில்: பைரேயஸிலிருந்து சான்டோரினிக்குப் பெரிய கப்பல் எட்டு மணி நேரம் போல எடுக்கும், வேகப் படகு ஐந்து. மிச்சமாகும் மூன்று மணி நேரத்துக்காக அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வேகப் படகில் பெரும்பாலும் விமானம் போல மூடிய கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அலை எழுந்தால் வயிற்றைப் புரட்டும். பெரிய கப்பலில் மேல்தளத்தில் காற்று வாங்கலாம், நடக்கலாம், காபி குடிக்கலாம். கீழே வண்டிகள் நிற்கும் தளத்தில் தீவின் பெயர் எழுதிய இரும்பு அடுக்குகள் இருக்கும், பெட்டியை உங்கள் தீவின் அடுக்கில் வைத்துவிட்டு ஏறுங்கள். இறங்கும் ஊர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே கீழே வந்து நில்லுங்கள். இடைத் தீவுகளில் கப்பல் சில நிமிடமே நிற்கும். பின்பக்கக் கதவு தரையைத் தொட்டதும் ஆளும் லாரியும் ஒன்றாகத்தான் வெளியேறுவார்கள்.

காரணம் காற்றும்கூட. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியனில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். காற்று அளவு தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவைப்பார்கள். முதலில் நிற்பவை சிறிய வேகப் படகுகள்.

இந்த இடத்தில் உங்கள் உரிமை என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 எண்ணுள்ள சட்டப்படி, கப்பல் ரத்தானாலோ புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, கூடுதல் செலவில்லாமல் அடுத்த கப்பலில் போவதா, முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவதா என்று முடிவு செய்வது நீங்கள்தான். பணம் ஏழு நாளுக்குள் வர வேண்டும். வானிலையால் ரத்தானாலும் இது பொருந்தும். கவுண்டரில் 'வவுச்சர்தான்' என்றால் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. நான்கு மணி நேரம் வரையுள்ள பயணத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம் இழப்பீடு உண்டு. நீண்ட பயணங்களுக்கு இந்த நேர வரம்பு கூடும். காற்று, புயல் காரணம் என்றால் இழப்பீடும் கிடையாது, இரவு தங்கும் செலவும் கிடைக்காது.

அடுத்த தீவில் நீங்கள் பதிவு செய்த அறையும், தவறிப்போகும் விமானமும் இந்தச் சட்டத்தில் வரா. ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். அன்று காலை தீவிலிருந்து கப்பல் பிடித்து மாலை விமானம் ஏறலாம் என்று யார் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: சான்டோரினியில் 'கடல் பார்த்த அறை' பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் எந்தக் கடல் என்று பாருங்கள். நீங்கள் படங்களில் பார்க்கும் வெள்ளை வீடுகளும் செங்குத்துப் பாறையும் எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த மேற்குப் பக்கம்: ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா. மலிவான அறைகள் பெரும்பாலும் கிழக்கே, கமாரி, பெரிஸ்ஸா ஊர்களின் கறுப்பு மணல் கரையில் இருக்கும். அங்கேயும் கடல் தெரியும், அந்தப் பள்ளம் தெரியாது. குளிக்க, நடக்க, நிம்மதியாகச் சாப்பிட நான் கிழக்குப் பக்கத்தையே சொல்வேன். பேருந்தில் ஃபிரா போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மேற்கே அறை எடுக்கும் முன், தெருவிலிருந்து அறைக்கு எத்தனை படி என்று ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் நூறு படிக்கு மேல்கூட இருக்கும்.

கேள்வி: முழுப் பணமும் ஆன்லைனில் கட்டிய பிறகும் ஹோட்டலில் தனியாகக் காசு கேட்பார்களாமே?

பதில்: கேட்பார்கள், அது முறையான வரி. பருவநிலைப் பேரிடர்களைச் சமாளிக்க அரசு வசூலிப்பது. 2025-ல் உயர்த்திய கணக்குப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. ஆளுக்கு அல்ல, அறைக்கு. ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம், கணவர் மட்டும் மீன் சாப்பிடுவார். பட்டினி கிடக்க வேண்டுமா? பில் எப்படி இருக்கும்? (மதுரை வாசகி)

பதில்: பட்டினிக்கு இடமே இல்லை. கிரீஸின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அந்தச் சமையலுக்கு 'நிஸ்டிசிமோ' என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். சான்டோரினியின் ஃபாவா, நம் பருப்பு மசியல் போலவே மஞ்சளாக இருக்கும், மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும். தக்காளிக்குள் சோறு அடைத்த ஜெமிஸ்தா, அடுப்பில் வேகவைத்த பெரிய வெள்ளை பீன்ஸான ஜிகாந்தெஸ், பிரியாம் என்ற காய்கறிக் கலவை எல்லாம் வயிறு நிறைக்கும். ஜெமிஸ்தாவில் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மீனில்தான் கவனம் வேண்டும். மெனுவில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு தட்டுக்கு அல்ல, கிலோவுக்கு. கணவர் எழுந்து போய் ஐஸில் வைத்திருக்கும் மீனைக் காட்டட்டும். சமைக்கும் முன் தராசில் வைத்து எடையும் தொகையும் சொல்லச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், அங்கே அதுதான் வழக்கம். மெனுவில் ஒரு பண்டத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்தது என்று பொருள். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்பது அந்த நாட்டுச் சட்டம், உணவகங்களில் அறிவிப்பாகவே எழுதி வைத்திருப்பார்கள். கார்டு இயந்திரம் ரூபாயிலா, யூரோவிலா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும், ஓராண்டு செல்லும். கார் உரிமம் மட்டும் இருந்தால் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். காரானாலும் டயரும் அடிப்பகுதியும் காப்பீட்டில் சேர்ந்தவையா என்று கேளுங்கள், தீவுச் சாலைகளில் முதலில் அடிபடுவது அவைதான். சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதை முதலில் பதிவு செய்வது?

பதில்: விசா நேரத்தை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அதுவரை பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் போட்டு வையுங்கள். விசா கையில் வந்தபின் கப்பல் டிக்கெட். ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாளை ஒட்டிய வாரத்தில் கிரேக்கர்களே ஊருக்குப் போவார்கள், டினோஸ் தீவுக் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கோவை வாசகரே, மகளுக்குக் கல்லூரி விடுமுறை ஒத்துவந்தால் செப்டம்பர் பாருங்கள். கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், காற்று தணிந்துவரும், அறை வாடகையும் இறங்கத் தொடங்கியிருக்கும்.