மிச்சத் துணியில் பொம்மைக்குப் பட்டு

புரட்டாசிக் கொலு நெருங்கினால் பொம்மைக்கு உடை தைப்பது பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி, கொலுவில் வைக்கும் மர பொம்மையான மரப்பாச்சியைப் பற்றித்தான் இருக்கும். மீதி, குழந்தைகள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பற்றி. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு மரப்பாச்சி ஜோடி அம்மாவின் கல்யாணத்தில் வந்தது. ஆறு அங்குல உயரம். கடையில் வாங்கிய உடை பொருந்தவில்லை. வீட்டிலிருக்கும் துணியிலேயே புடவையும் வேட்டியும் கட்டிவிட முடியுமா? போன வருஷம் முயன்றேன், இடுப்பு மட்டும் பெரிதாக உப்பிக்கொண்டது. (கும்பகோணம் வாசகி)

முடியும். இடுப்பு ஏன் உப்பியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொம்மைத் தையலில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன. ஆறு அங்குல பொம்மை நம் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஐந்தரை மீட்டர் புடவை 55 செ.மீ. ஆகிவிடும். ஆனால் துணியின் கனம் பத்தில் ஒரு பங்காகக் குறையாது. நம் இடுப்பில் தெரியாத ஆறேழு மடிப்பு, பொம்மையின் இடுப்பில் தலையணை கட்டியதுபோல நிற்கும்.

அதனால் ஒரே துணியாகச் சுற்றாமல் இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு பாவாடை போன்றது. இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்து அரை அங்குலம் கூட்டினால் அகலம் கிடைக்கும். நீளத்துக்கு, இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் நான்கைந்து கொசுவம் வைக்கும் அளவு போதும். கொசுவத்தை மடித்து, மேல் விளிம்பை மெல்லிய ரிப்பனில் வைத்துக் கையாலேயே தைத்துவிட்டால் ரிப்பனைப் பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டலாம். இரண்டாவது துண்டு முந்தானை. அதை வலது இடுப்பின் பின்பக்கம் ரிப்பனோடு சேர்த்துத் தைத்து, வலது கையின் கீழ் வழியாக மார்பின் குறுக்கே கொண்டுவந்து இடது தோளில் போடுங்கள். பார்ப்பவர்களுக்கு ஒரே புடவையாகத்தான் தெரியும்.

கொசுவம் நிற்காமல் விரிந்தால், வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தொட்டுவைத்து, ஹேர் கிளிப்பால் பிடித்துக் காயவிடுங்கள். பருத்தித் துணியில் இது அழகாக நிற்கும். பட்டில் வேண்டாம், கறை தெரியும். கொலு முடிந்ததும் கஞ்சியை அலசிவிட்டுத்தான் பரணில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பெட்டியைத் திறக்கும்போது பூச்சி அரித்த ஓட்டைதான் இருக்கும்.

ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்க முயலாதீர்கள். பெரும்பாலான மரப்பாச்சிகளுக்குக் கை உடம்போடு சேர்த்தே செதுக்கப்பட்டிருக்கும். ஓர் அங்குல அகல ரிப்பனையோ ரவிக்கைத் துணிப் பட்டையையோ, மேல்கையையும் சேர்த்து மார்பைச் சுற்றிப் பின்னால் தைத்துவிடுங்கள். அது முழங்கைக்கு மேலே முடிவதால் பாதிக் கை ரவிக்கை போலவே இருக்கும்.

வேட்டிக்குப் பழைய வேட்டியின் கரையை அப்படியே எடுத்தால், ஒரு அங்குலக் கரை முழங்கால் வரை வந்துவிடும். ஓரத்தில் மெல்லிய கோடு போட்ட ஆண்கள் கைக்குட்டை இதற்கு மிகப் பொருத்தம். அந்தக் கோடே கரையாகிவிடும், துணியும் மெல்லியது.

இன்னொன்று. மரப்பாச்சியை எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், உடுத்துவதற்கு இரண்டு நாள் முன்பே துடைத்து உலரவிடுங்கள். அம்மாவின் மரப்பாச்சிக்கு நான் ஆசையாகத் தைத்த முதல் பட்டுப் பாவாடை, ஒரே இரவில் எண்ணெய்க் கறையாகிப் போனது இன்னும் மனதில் நிற்கிறது.

தையல்கடையில் கேட்டால் ஒரு பை நிறைய வெட்டுத்துணி தருகிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? (மதுரை)

முதலில் எடுக்க வேண்டியது லைனிங் துணி. ரூபியா வாயில், மல்மல் போன்ற மெல்லிய பருத்தி எது கிடைத்தாலும் விடாதீர்கள். அடுத்து, துணியின் நெய்த ஓரம் உள்ள துண்டுகள். கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் நறுக்கி எறிவார்கள், நமக்கோ அது தங்கம். அந்த ஓரம் பிரியாது, ஆகவே மடித்துத் தைக்காமலே பாவாடையின் கீழ் விளிம்பாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மடிப்பு மிச்சம், கனமும் குறையும்.

பூப்போட்ட துணியில் பூவின் அளவைப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிய பூ பொம்மை மேல் பூவாகத் தெரியாது, வெறும் திட்டாகத்தான் தெரியும். பொடிக் கட்டம், பொடிப் புள்ளி, மெல்லிய கோடு எல்லாம் சிறப்பு. வெல்வெட், கனத்த புரோகேட், ஜீன்ஸ் துணி ஆகியவற்றை நான் எடுப்பதில்லை. பனியன் துணி கிடைத்தால் எடுத்துவையுங்கள், திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிலோ கணக்கிலேயே கிடைக்கும். அது நூல் பிரியாது, இழுத்துப் போட்டுவிடலாம்.

பதினொன்றரை அங்குல பிளாஸ்டிக் பொம்மைக்குச் சட்டை தைக்கிறேன். சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும்போதெல்லாம் மெஷின் துணியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கைச்சுற்றும் உட்காருவதில்லை. (கோவை)

இரண்டும் தனித்தனி விஷயம். துணி உள்ளே போவதற்கு, அடியில் ஒரு துண்டு செய்தித்தாள் வைத்துச் சேர்த்தே அடியுங்கள், பிறகு தாளைக் கிழித்துவிடலாம். ஊசி 11-ஆம் எண் அல்லது அதைவிட மெல்லியது, தையல் நீளம் 2 மி.மீ. இருக்கட்டும். தொடங்கும்போது மேல் நூல், அடியிலிருந்து வரும் பாபின் நூல் இரண்டின் நுனியையும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கை விஷயத்தில் வரிசையை மாற்றிப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சில ரவிக்கைகளில் பக்கத்தை மூடிவிட்டுக் கையை ஏற்றுவோம். பொம்மைக்கு அது ஆகவே ஆகாது, விரல்கூட உள்ளே போகாத வட்டம் அது. முதலில் தோளை மட்டும் இணையுங்கள். துணி விரிந்து கிடக்கும்போதே கழுத்தையும் கையின் விளிம்பையும் முடித்துவிடுங்கள். பிறகு கையைத் தோள் வளைவில் தைத்து, கடைசியாகக் கை நுனியிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாக அடியுங்கள். தையலுக்கு விட்ட கால் அங்குலத்தைத் தைத்தபிறகு பாதியாக நறுக்கி, அக்குள் வளைவில் இரண்டு சிறு வெட்டுக் கொடுத்தால் திருப்பும்போது சுருங்காது.

அளவுக்கு இன்ச் டேப் வேண்டாம். பொம்மையின் உடம்பில் மெல்லிய பாலிதீன் கவரைச் சுற்றுங்கள். அதன்மேல் காகித டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டி, தோள், பக்கம், முதுகு நடு ஆகிய கோடுகளைப் பேனாவால் வரையுங்கள். அந்தக் கோடுகளில் வெட்டி எடுத்தால், அதுதான் உங்கள் பொம்மையின் அச்சு. அதற்கு வெளியே தையல் இடம் விட்டு வெட்டினால் போதும். திறப்பை முதுகில், மேலிருந்து கீழ்வரை முழுதாக விடுங்கள். டிச் பட்டன் (அழுத்தினால் பூட்டிக்கொள்வது) வையுங்கள், வெல்க்ரோ பொம்மையின் முடியைப் பிடித்துப் பிய்க்கும்.

ஓரம் பிசிறாமல் இருக்க ஊதுபத்தியால் சுடச் சொன்னார்கள். சரியா? (சேலம்)

பாலியெஸ்டர், நைலான் துணிக்கு மட்டும் சரி, அதுவும் பெரியவர்கள் கையில். அந்தத் துணிகள் உருகி ஓரம் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் பட்டும் உருகாது, எரியும். எந்தத் துணி என்று தெரியாவிட்டால் இரண்டு நூலை உருவிச் சுட்டுப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி, முடி கருகும் வாசனை என்றால் பட்டு, உருகிக் கெட்டியான உருண்டையானால் செயற்கை நூல். பருத்திக்கும் பட்டுக்கும் ஊசிமுனையால் துணிப் பசையை ஓரத்தில் ஒரு கோடாக இழுத்துக் காயவிட்டு, அதற்கப்புறம் வெட்டுங்கள்.

பாட்டியின் கிழிந்த காஞ்சிபுரம் பட்டு இருக்கிறது. பொம்மைகளுக்கு வெட்டிவிடலாமா?

வெட்டுவதற்கு முன் ஜரிகையை ஒருவரிடம் காட்டுங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றி, தங்கமுலாம் பூசியது. பழைய புடவைகளில் அதற்கு நல்ல விலை உண்டு. அவசரப்பட்டு ஆயிரக்கணக்கில் போகக்கூடிய கரையைப் பொம்மைப் பாவாடையாக்கிவிடாதீர்கள். கரையை ஒதுக்கிவிட்டு, புடவையின் உடலில் கிழியாமல் இருக்கும் பகுதியை எடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு விட்டுப்போயிருக்கும். இரண்டு கையால் லேசாக இழுத்துப் பார்த்து, தாங்குகிற இடத்தை மட்டும் வெட்டி, அடியில் மல்மல் வைத்துத் தைத்தால் இன்னும் பல கொலு பார்க்கும்.

சிவப்பு உடையைக் கழற்றினால் பொம்மையின் உடம்பெல்லாம் சிவப்பு. (திருநெல்வேலி)

சாயம் பிளாஸ்டிக்கில் இறங்கிவிட்டது, முழுதாகப் போவது கடினம். இனி சிவப்பு, கருநீலம், கறுப்பு எதுவானாலும், அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை துவைத்தபிறகே தையுங்கள். உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்கள். உடுத்தியபடியே மாதக்கணக்கில் விடாதீர்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. தானே பொம்மைக்குத் தைக்க வேண்டும் என்கிறாள். எதில் தொடங்கலாம்? (யாழ்ப்பாணம்)

ஒற்றையாகிப்போன காலுறையில் தொடங்குங்கள். கணுக்காலுக்கு மேலே உள்ள பகுதியைக் குழாயாக வெட்டி எடுத்தால், மீள்தன்மை உள்ள வாய் மார்பில் பிடித்துக்கொள்ளும். அதுவே கை இல்லாத கவுன். தையலே இல்லை, ஆனால் அன்றைக்கே பொம்மைக்குப் புது உடை. இரண்டாவது நாள் அதன் கீழ் விளிம்பில் வேறு நிற நூலால் ஓட்டுத் தையல் போடச் சொல்லுங்கள். மூன்றாவதாகச் சுருக்குப் பாவாடை. கைக்குட்டை அகலத் துண்டின் மேல் விளிம்பை மடித்துத் தைத்து, அதில் எலாஸ்டிக் கோத்துக் கொடுங்கள்.

பிள்ளை பெரிய தையலாகத்தான் போடுவாள், அப்படியே இருக்கட்டும். நீங்கள் பிரித்துத் தைத்துக் கொடுத்தால் அது உங்கள் உடையாகிவிடும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மணி, பட்டன் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். தைத்து முடித்ததும் ஊசிகளை எண்ணி வாங்கி வையுங்கள்.