வாசகர் கேள்வி: கடல் பக்கம் நாலு நாள்

கேள்வி: நானும் கணவரும் நாலு நாள் கடலோரம் தங்கப் போகிறோம். நீச்சல், நடை, சைக்கிள் மூன்றுக்கும் ஆசை. நீச்சல் குளத்தில் இருவருமே இருபது சுற்று அசராமல் போவோம். கடலில் இறங்கலாமா? எதை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது?

பதில்: இறங்கலாம். ஆனால் அந்த இருபது சுற்றை நம்பி இறங்காதீர்கள். இருபத்தாறு வயதில் நானும் அதே மிதப்பில்தான் கடலுக்குப் போனேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் ஒரு சந்து போல அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தது. ‘ஆகா, வசதி’ என்று அதில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் மணலில் போட்டிருந்த சிவப்புத் துண்டு சின்னதாகிக்கொண்டே போகிறது. ஐம்பது வீச்சாவது போட்டிருப்பேன். துண்டு கிட்டே வரவே இல்லை.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போகும் வழி அந்தச் சந்து. வேகம் பிடித்தால் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரால்கூட எதிர்த்து வர முடியாது. ஆளை அடியில் இழுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். அகலமும் குறைவு. அதனால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்ததும் சாய்வாகக் கரையேறுங்கள். முடியவில்லையா, மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். நான் தப்பித்ததில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. கை ஓய்ந்துபோய் மிதந்தேன். ஓட்டமே ஒரு மணல் திட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டது.

உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் நீந்துங்கள். முழுச் சிவப்பு பறந்தால் அன்றைக்கு நடைதான்.

நடைக்கு முன்னால், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். பாறை முனையைச் சுற்றிப் போகும் வழியென்றால், தண்ணீர் வற்றும்போதே கிளம்பி, ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அதாவது மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே ஏறும். ஈர மணலிலேயே நடங்கள், உலர்ந்த மணல் கெண்டைக்காலைப் பிழிந்துவிடும்.

சைக்கிளுக்கு விடிகாலை. வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று கிளம்பிவிடும், பிற்பகலில் அதன் ஆட்டம்தான். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோகும், அனுபவம்! திரும்பியதும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். உப்புக்கு ஒரு ராத்திரி போதும்.

கேள்வி: ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலையே இல்லையே, குழந்தைகளை அங்கே குளிக்க விடலாமா?

பதில்: வேண்டாம். ஓதம் வற்றும்போது ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து கடலுக்குள் பாயும். சந்தேகமென்றால் ஓர் இலையைப் போட்டுவிட்டு, அதற்கு ஈடாகக் கரையில் நடந்து பாருங்கள்.